விசில் அடித்தும் நகராத பஸ்

எனக்கும் என் கணவருக்கும் நாலு வருடமாக ஒரே சண்டைதான். நான் சொல்வதை அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பேன் நான். "வாய்க்குள்ளயே முணுமுணுத்தா யாருக்குக் கேக்கும்? வாயத் தொறந்து பேசுனா என்ன கொறஞ்சா போயிருவ?" என்பார் அவர். எனக்குக் கோபம் சட்டென்று வரும், வந்தால் லேசில் போகாது. பஸ்ஸின் பின்படியிலிருந்து கண்டக்டர் கூப்பிட்டால் கேட்கிறது, டீக்கடையில் நாலு ஆம்பளைகள் ஊர்க்கதை பேசினால் கேட்கிறது, பெண்டாட்டி பேசினால் மட்டும் கேட்காதா? வேண்டுமென்றே செய்கிறார் என்றுதான் நம்பினேன். இரண்டு முறை அவர் முகத்துக்கு நேரே, "காது என்ன செவிடா?" என்றுகூடக் கேட்டிருக்கிறேன்.

அவர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே ஓடும் ஒரு தனியார் பஸ்ஸின் டிரைவர். நான் அரியலூரில் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர். சோதனைக் குழாய்களைக் கழுவுவது, அமில பாட்டிலைப் பூட்டி வைப்பது, தவளைப் படத்தைச் சுவரில் மாட்டுவது எல்லாம் என் வேலை. காலையில் அவர் ஓட்டும் பஸ்ஸிலேயே ஏறிப் போவேன். பஸ்ஸில் நாங்கள் பேசிக்கொள்ள மாட்டோம். அவர் வேலையில் இருக்கிறார் என்ற மரியாதை ஒன்று, காலையில் போட்ட சண்டையின் மிச்சம் ஒன்று.

போன வருடம் எட்டாம் வகுப்புக்கு ஒலிப் பாடம் வந்தது. அறிவியல் டீச்சர் என் போனில் சத்தத்தை அளக்கும் ஆப் ஒன்றை இறக்கச் சொன்னார். அதில் இரண்டு பக்கம். ஒன்றில் மீட்டர் முள் மாதிரி ஆடி, எத்தனை டெசிபல் என்று காட்டும். இன்னொன்றில் சத்தத்தைப் பிரித்துப் படமாகப் போடும். லாரி உறுமல், மேளம் மாதிரித் தடித்த சத்தமெல்லாம் திரையின் இடப்பக்கம் குவியும். குயில், குழந்தையின் கீச்சுக்குரல் மாதிரி மெல்லிய உச்சத் தொனியெல்லாம் வலப்பக்கம் கோடாக எழும்பும். போன் காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தான் என்று டீச்சர் சொன்னார். பிள்ளைகள் அதையெல்லாம் கேட்கவில்லை. யார் அதிகமாகக் கத்துவது என்று போட்டி வைத்துவிட்டார்கள். ஒல்லியான ஒரு பெண் பிள்ளை நூற்றைத் தாண்டியதும் பக்கத்து வகுப்பு வாத்தியார் எட்டிப் பார்த்தார்.

நான் அந்த ஆப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தது அறிவியலுக்காக இல்லை, சாட்சிக்காக. சோற்றைப் போட்டுவிட்டு, போனை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, "குழம்பு போதுமா, இன்னும் ஊத்தவா?" என்று கேட்டேன். எழுபதைக் காட்டியது.

"பாத்தீங்களா? எழுவது. முணுமுணுப்பு முப்பதோ நாப்பதோதான் வரும். நான் நல்லாத்தான் பேசுறேன்" என்றேன்.

அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். "சண்டைக்கு மெசினு வேற வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட்டார். பன்னிரண்டாவது படிக்கும் எங்கள் மகளும் அவர் கட்சியில் சேர்ந்து சிரித்தாள். தோற்றுப்போனது நான்தான். டிவி எத்தனை, மிக்சி எத்தனை என்று அன்றைக்கெல்லாம் கடுப்போடு அளந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் பஸ்ஸிலும் கை சும்மா இருக்கவில்லை. இடப்பக்கம் முதல் சீட் எனக்கு வழக்கமான இடம். போனை மடியில் வைத்துக்கொண்டு, சத்தத்தைப் பிரித்துக் காட்டும் பக்கத்தைத் திறந்தேன். இன்ஜின் சத்தம் திரையின் இடப்பக்கம் மலையாகக் குவிந்து கிடந்தது. எதிரே வந்த சிமெண்ட் லாரி ஒன்று ஏர் ஹாரன் அடித்தபோது திரை முழுக்க நிறைந்து வழிந்தது. அந்த ஹாரனெல்லாம் டிரைவரின் வலது ஜன்னல் வழியாகத்தான் நுழைகிறது, இருபத்திரண்டு வருடமாக நுழைந்துகொண்டே இருக்கிறது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. வேடிக்கைதான் பார்த்தேன்.

கவுல்பாளையம் தாண்டி ஒரு நிறுத்தத்தில் ஆள் ஏறியதும் கண்டக்டர் விசிலை இரண்டு முறை அடித்தார். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம். திரையின் வலக்கோடியில் ஊசி மாதிரி ஒரு கோடு இரண்டு முறை எழும்பி இறங்கியது. பஸ் நகரவில்லை. அடுத்த நொடி கண்டக்டர் உள்ளங்கையால் பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் தப் தப் என்று தட்டினார். திரையின் இடப்பக்கம் மேடு ஒன்று ஏறியது. பஸ் கிளம்பியது.

தற்செயல் என்று நினைத்தேன். அடுத்த நிறுத்தத்திலும் அப்படியே. பேரளியிலும் அப்படியே. விசில் அடிக்கும்போது அவர் கை கியரில் சும்மா கிடந்தது, தட்டும்போதுதான் அசைந்தது. அரியலூர் பஸ் ஸ்டாண்டு வரை எண்ணிக்கொண்டே வந்தேன். ஒரு நிறுத்தத்தில்கூடப் பஸ் விசிலுக்கு நகரவில்லை. தினமும் ஏறி இறங்கும் எனக்கு இது ஒருநாளும் கண்ணில் படவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அந்த ஆப்பிலேயே நாம் கேட்கும் தொனியில் சத்தம் போட வைக்கவும் வழி உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விசில் எந்த இடத்தில் எழும்பியதோ அதே தொனியை வைத்து, போனை அவர் நாற்காலிக்குப் பின்னால் ஜன்னலில் வைத்தேன். மாடியிலிருந்து மகள் தடதடவென்று இறங்கி வந்து, "அம்மா, என்னது அது? காதக் கிழிக்குது!" என்றாள். அவர் பக்கத்தைத் திருப்பி, விளையாட்டுச் செய்தியைப் படிக்க ஆரம்பித்தார்.

போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். எதற்கென்று தெரியாமல் போனைப் பார்த்து வழக்கமாகப் பேசும் நாலு வாக்கியத்தைப் பேசினேன். காபி வேணுமா, துண்டு எங்க, சாவி எடுத்தீங்களா, பாத்துப் போங்க. குரலின் அடித்தளமெல்லாம் இடப்பக்கம் கிடந்தது. சொல்லை இன்ன சொல் என்று காட்டும் கூர்மையான ஓசைகள், ச, த, க எல்லாம், விசில் எழும்பிய அதே வலப்பக்கத்தில் பொறி பொறியாகத் தெறித்தன. அவருக்கு நான் பேசுவது கேட்டிருக்கிறது. என்ன பேசுகிறேன் என்பதுதான் கேட்கவில்லை. தடித்த ஆம்பளைக் குரல் இன்னும் பிடிபடுகிறது, என் குரல் நழுவிவிடுகிறது. அதைத்தான் அந்த மனுஷன் முணுமுணுப்பு என்று நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அரிசி களைந்த தண்ணீரில் கையை வைத்தபடி அழுதேன். நான் போட்ட சண்டைகளெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. பேசாமல் படுத்த நாட்கள், வேண்டுமென்றே தட்டை ணங்கென்று வைத்த நாட்கள். செவிடா என்று கேட்டேனே, அதுதான் நெஞ்சை அறுத்தது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

காரணம் கேட்டால் என்னிடம் நிறைய இருக்கிறது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் பஸ் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை. மூக்குக்கண்ணாடி போட்டும் கண் தெரியவில்லை என்று வேலையிலிருந்து இறக்கப்பட்ட ஒரு டிரைவர் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் தினமும் வந்து உட்கார்ந்திருப்பார். போகும் வரும் பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சாவியை வாங்கிவிட்டால் இவர் என்ன ஆவார் என்று பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பதினோரு நாள் ஓட்டினேன்.

அந்தப் பதினோரு நாளும் முதல் சீட்டில் உட்கார்ந்து நானே பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். பின்னால் ஹாரன் கேட்டால் அவர் கண்ணாடியைப் பார்க்கிறாரா என்று பார்ப்பேன். கால் தானாகப் பிரேக் மிதிக்கும். நெல்லும் மக்காச்சோளமும் ஏற்றிய டிராக்டர் குறுக்கே வந்தால் சிறுவாச்சூர் அம்மனைக் கூப்பிடுவேன். வீட்டில் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று, நிறுத்தி நிறுத்திப் பேசப் பழகினேன்.

"என்ன, திடீர்னு கல்யாணப் பொண்ணு மாதிரி மூஞ்சியப் பாத்துப் பாத்துப் பேசுற? எதாச்சும் தப்புப் பண்ணிட்டியா?" என்று கேட்டார். அவருக்கு அது பிடித்திருந்தது. ஒரு நாள் மல்லிகைப்பூகூட வாங்கி வந்தார். அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு, மறுநாளும் வாயைத் திறக்காமல் பஸ்ஸில் ஏறினேன்.

பதினோராம் நாள் பேரளியைத் தாண்டி ஒரு நிறுத்தம். அறுபதை நெருங்கிய ஒரு அம்மா பின்படி வழியாக இறங்கிக்கொண்டிருந்தார். கையில் சின்ன வெங்காய மூட்டை. கண்டக்டர் முன்பக்கம் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் மருமகள் முதலில் இறங்கிவிட்டிருந்தாள். மாமியார் இன்னும் படியில் இருக்கிறாரே, பஸ் கிளம்பிவிடப் போகிறது என்ற பதற்றத்தில், பொறுங்கள் என்று சொல்ல, கீழே நின்றபடி பஸ்ஸின் பக்கவாட்டில் படபடவென்று தட்டினாள். நம் பக்கத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் தட்டுவார்கள். அவருக்கோ தட்டல் என்றால் போகலாம் என்றுதான் அர்த்தம். அந்த அர்த்தம் அவருக்கும் கண்டக்டருக்கும் நடுவில் மட்டும் உண்டானது என்று பாவம் அவளுக்கு எப்படித் தெரியும்? அவர் கிளப்பினார்.

நான் அலறியது அவருக்குக் கேட்டது. பிரேக் போட்டார். அதற்குள் அந்த அம்மா ரோட்டில் விழுந்து உட்கார்ந்துவிட்டார். வெங்காயம் ரோடெல்லாம் உருண்டது. முழங்கால் சிராய்த்து, மணிக்கட்டு பிசகியிருந்தது. பின் சக்கரத்துக்கும் அவர் காலுக்கும் ஒரு முழம்கூட இருக்காது.

என் கணவர் குதித்து இறங்கினார். அந்த அம்மாவைத் தூக்கி உட்கார வைத்து, வெங்காயத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பிறகு கண்டக்டர் பக்கம் திரும்பினார். "எறங்குறாங்களா இல்லயானு பாக்காமத் தட்டுவியாடா? கண்ணு எங்க வச்சிருந்த?"

கண்டக்டர் எங்களைவிடப் பதினைந்து வயது சின்னவர். தட்டியது தான் இல்லை என்று அவருக்குத் தெரியும். டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதாண்ணே" என்றார். நிமிர்ந்தபோது அவர் கண் என்மேல் பட்டது. நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். என் கணவருக்கு விசில் கேட்பதில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

அரியலூரில் எல்லாரும் இறங்கினார்கள். திரும்பிப் போக நாற்பது நிமிடம் இருந்தது. நான் பள்ளிக்குப் போகவில்லை. காலி பஸ்ஸில் இன்ஜின் பக்கத்தில் போய் நின்று போனை அவர் முன் நீட்டினேன்.

"ஏங்க, இதக் கொஞ்சம் பாருங்க."

"இப்பப் போயி இதத் தூக்கிட்டு வந்துட்டியா?"

"பாருங்க. கேக்க வேணாம், பாத்தாப் போதும்."

கண்டக்டர் பின்னால் நின்றிருந்தார். விசில் அடிக்கச் சொல்லிக் கை காட்டினேன். அவர் தயங்கினார். மறுபடி காட்டினேன். அடித்தார். திரையின் வலக்கோடியில் கோடு எழும்பி இறங்கியது.

"என்ன இது?" என்றார் என் கணவர்.

"விசில்."

அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். கண்டக்டர் வாயில் விசில் இருந்தது. பிறகு திரையையே பார்த்துக்கொண்டு, "இன்னொருக்கா அடிக்கச் சொல்லு" என்றார். கோடு எழும்பியது. "இன்னொருக்கா." எழும்பியது. நாலாவது முறை அவரே கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கினார். பக்கத்துப் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தவர்கள்கூட எங்கள் பக்கம் திரும்பினார்கள். அவ்வளவு ஓங்கி அடித்தார் கண்டக்டர். என் கணவர் கண்ணை மூடியபடியே, "அடிக்கச் சொல்லு" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணைத் திறந்தபோது அவருக்குப் புரிந்திருந்தது.

கண்டக்டரை அருகில் கூப்பிட்டார். "எத்தன நாளாடா தட்டுற?"

"ரெண்டு வருசம் இருக்கும்ணே."

"இன்னிக்குத் தட்டுனது நீதானா?"

கண்டக்டர் இல்லை என்று தலையை ஆட்டினார். என் கணவர் அவர் தோளில் கையை வைத்து, "என்னய மன்னிச்சுக்கப்பா" என்றார். அந்த ஆள் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளையாக அழுதுவிட்டார். "சொன்னா எறங்கிருவீங்கண்ணே, அதான்" என்றார்.

என் கணவர் சாவியை உருவி எடுத்தார். முதலாளிக்கு அவரே போன் போட்டார். காது கேட்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. உடம்பு சரியில்லை, வேறு ஆளை அனுப்புங்கள் என்றார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ எப்பக் கண்டுபுடிச்ச?"

"இன்னிக்குத்தாங்க" என்றேன்.

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. "நல்ல வேளை, ஒடனே சொன்ன" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார். திரும்பி வரும்போது என் பக்கத்தில் பயணியாக உட்கார்ந்து வந்தார். புது டிரைவர் எப்படி ஓட்டுகிறார் என்று பார்க்கவே இல்லை, மக்காச்சோளக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பெரம்பலூரில் காது டாக்டர் சோதித்துப் பார்த்தார். இரண்டு காதிலும் உச்சத் தொனியெல்லாம் போய்விட்டது, வலது காதில் கூடுதல், மெஷின் வைத்துக்கொண்டால் பேச்சு புரியும், வர இரண்டு வாரம் ஆகும் என்றார். வண்டி ஓட்டுவது பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார். இனி ஓட்ட முடியாது என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. முதலாளியிடம் என் கணவர் நேரில் போய் உள்ளதைச் சொன்னார். ஷெட்டில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தருவதாக அவர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது குரல் உடைந்தது. நானும் மகளும் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டோம்.

மெஷின் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, "அந்தம்மா வூட்டுக்குப் போயிட்டு வரணும்" என்றார். கண்டக்டரிடம் வழி கேட்டு, வாழைப்பழமும் பன்னும் வாங்கிக்கொண்டு போனோம். அந்த அம்மா வாசலில் வெங்காயத்தாள் அரிந்துகொண்டிருந்தார். மணிக்கட்டில் கட்டு இன்னும் இருந்தது. எங்களை உட்காரச் சொன்னார். என் கணவர் உட்காராமல் நின்றபடியே சொன்னார். "அன்னிக்குக் கண்டக்டர் தப்பு இல்லம்மா. எனக்குக் காது கேக்கல. அதான் வண்டிய எடுத்துட்டேன்."

காது கேட்கவில்லை என்று முதலாளியையும் டாக்டரையும் தவிர வெளி ஆளிடம் அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்த அம்மா அரிவதை நிறுத்தினார். ஆனால் அவரைப் பார்த்துக் கேட்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டே மெல்லக் கேட்டார். "கேக்கலனு தெரிஞ்சேவா ஓட்டுனீங்க?"

என் கணவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவருக்கு அது போய்ச் சேரவில்லை.

"அவருக்குத் தெரியாதும்மா" என்றேன். "எனக்குத் தெரியும். அதுக்கு முன்ன பதினோரு நாளாவே தெரியும். நான்தான் சொல்லல."

அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உள்ளே மருமகள் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"எங்க வூட்டுக்காரரா இருந்திருந்தா நானுந்தான் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார் கடைசியில். கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "ஆனா நீ சொல்லியிருக்கணும் தாயி."

என் கணவர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்தார். "என்ன பேசிக்கிறீங்க? எனக்குப் புரியல. சொல்லு" என்றார்.

நாலு வருடத்தில் அவர் இப்படிக் கேட்டதே இல்லை. சாப்பிட்டுப் போகச் சொல்கிறார்கள் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். இனிமேல் நான் என்ன சொன்னாலும் நம்பக்கூடிய இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். அவர் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பி, என் வாயைப் பார்க்க வைத்து, அந்தப் பதினோரு நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.